துருக்மென் மொழியும் அதன் குலவழக்குகளும்

கேட்கப்பட்ட கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. மத்திய ஆசியாவின் துருக்மெனிஸ்தானில் பேசப்படும் துருக்மென் என்பது துருக்கி மொழியின் ஒரு வட்டார வழக்குதானா என்பது ஒன்று. தெக்கே, யோமுத், எர்சாரி என்றெல்லாம் சொல்லப்படும் அதன் கிளைமொழிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன, கற்க விரும்புபவர் எதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. முதல் பகுதிக்கு விடை எளிது: இல்லை. துருக்மென், துருக்கி மொழியிலிருந்து பிரிந்ததும் அன்று, அதன் கொச்சை வடிவமும் அன்று. இரண்டாம் பகுதிக்கு விடை சொல்வதற்குச் சற்றுச் சுற்றிவர வேண்டும். ஏனெனில் இம்மொழியின் கிளைவழக்குகள் ஊரை ஒட்டிப் பிரிந்தவை அல்ல, குலத்தை ஒட்டிப் பிரிந்தவை. அதோடு இம்மொழியின் தனி அடையாளங்களில் முக்கியமான இரண்டு, அதன் எழுத்தில் தெரிவதே இல்லை.

துருக்கிய மொழிக் குடும்பத்தில் ஒகுஸ் கிளை என்று ஒன்று உண்டு. துருக்கி, அசர்பைஜானி, மால்தோவாவில் பேசப்படும் காகவுஸ் ஆகியவை காஸ்பியன் கடலுக்கு மேற்கே வாழும் ஒகுஸ் மொழிகள்; துருக்மென் அக்கடலுக்குக் கிழக்கே தங்கிவிட்ட உடன்பிறப்பு. உஸ்பெக், கசாக், கரகல்பாக் ஆகியவை அதன் அண்டை மொழிகள் என்றாலும் வேறு கிளைகளைச் சேர்ந்தவை. இந்த இருப்பிடமே மொழியின் இயல்பைப் பெருமளவு விளக்கிவிடுகிறது. உடலமைப்பில் மேற்கத்திய ஒகுஸ் மொழிகளை ஒத்திருந்தாலும், பல சொற்களில் அது கிழக்கத்திய அண்டையரோடு சேர்ந்துகொள்கிறது. 'கொடு' என்பதற்குத் துருக்கியில் 'வெர்' என்பார்கள். துருக்மெனில் அது 'பெர்'. 'உண்டு' என்பது அங்கே 'வர்', இங்கே 'பார்'. 'ஆகு' என்பது அங்கே 'ஒல்', இங்கே 'பொல்'. இஸ்தான்புல்வாசி ஒருவர் துருக்மெனிஸ்தான் தலைநகரான அஷ்கபாத்தின் சந்தையில் விலை பேசிவிட முடியும். ஆனால் துருக்மெனியர் 'ஆம்' என்பதற்குச் சொல்லும் 'ஹவா' அவர் காதில் 'காற்று' என்று விழும். துருக்மெனியர் பெருமையோடு அணியும் நீண்ட மேலங்கியான 'தொன்', துருக்கியில் உள்ளாடையின் பெயர்.

பெயரால் வரும் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. ஈராக்கின் கிர்குக் பகுதியிலும் சிரியாவிலும் வாழ்பவர்கள் தங்களைத் துருக்மென் என்றே அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பேச்சோ அசர்பைஜானிக்கும் அனத்தோலியத் துருக்கிக்கும் நெருங்கியது. இடைக்காலத்தில் 'துருக்மென்' என்ற பெயர் இஸ்லாத்தைத் தழுவிய ஒகுஸ் மக்கள் அனைவருக்கும் பரவலாக வழங்கியதால் வந்த நிலை இது. அக்பரின் காப்பாளராக இருந்த பைராம் கானை வரலாற்று நூல்கள் துருக்மென் என்று குறிப்பதும் இந்தப் பரந்த பொருளில்தான். அவர் மேற்கே ஆண்ட காரா கோயுன்லு கூட்டத்தின் வழிவந்தவர். இந்தப் பதிலில் நான் துருக்மென் என்பது துருக்மெனிஸ்தானின் ஆட்சிமொழியையும், வடகிழக்கு ஈரான், வட ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தானின் குவாரசம் பகுதி, ரஷ்யாவின் ஸ்தாவ்ரபோல் ஆகிய இடங்களில் அதே மரபில் பேசப்படும் வழக்குகளையும் மட்டுமே.

ஒகுஸ் பேச்சைப் பற்றிய நல்ல பழைய சான்று மஹ்மூத் அல்-காஷ்கரியிடமிருந்து கிடைக்கிறது. 1070களில் பாக்தாதில் இருந்துகொண்டு, அரபி அறிந்தோர்க்காகத் துருக்கியச் சொற்களைத் தொகுத்த அவர், மற்றத் துருக்கிய மொழியினர் தகரத்தை வன்மையாக ஒலிக்கும் இடத்தில் ஒகுஸ் மக்கள் அதை மென்மையாக்கிச் சொல்கிறார்கள் என்பதைக் குறித்திருக்கிறார். ஒட்டகத்தைக் குறிக்கும் இன்றைய துருக்மென் சொல்லின் முதல் மெய் இன்னும் அப்படியே மெலிந்து ஒலிக்கிறது. அவர் 22 ஒகுஸ் குலங்களையும், அவை தம் கால்நடைகளுக்கு இடும் சூட்டுக்குறிகளையும் பட்டியலிடுகிறார். அவற்றுள் சாலிர், சவுதுர், இக்திர் என்ற பெயர்கள் இன்றும் உயிருள்ள துருக்மென் குலப்பெயர்கள். இன்று எண்ணிக்கையில் பெரிய தெக்கே, யோமுத், எர்சாரி ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. அவை பிற்காலத்தில் உருவான கூட்டணிகள்.

இனி மொழியின் உள்ளே வருவோம். மொழியியலாளர் துருக்மெனை மதிப்பதற்கு முதற்காரணம் அதன் நெட்டுயிர்கள். ஆதித் துருக்கிய மொழியில் குறில், நெடில் வேறுபாடு இருந்தது. பெரும்பாலான வாரிசு மொழிகள் அதைத் தொலைத்துவிட்டன. துருக்மென் தொலைக்கவில்லை. 'அத்' என்றால் குதிரை, 'ஆத்' என்றால் பெயர். 'ஒத்' புல், 'ஓத்' தீ. 'தஷ்' வெளி, 'தாஷ்' கல். 'பர்' போ, 'பார்' உண்டு. நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சைபீரியாவில் பேசப்படும் யாகூத் மொழியிலும் பெயர், கல் ஆகிய சொற்கள் நெடிலோடும், தீ என்னும் சொல் நெடில் திரிந்த ஈருயிரோடும், குதிரையும் புல்லும் குறிலோடும் இருக்கின்றன. பல நூற்றாண்டுகளாக ஒன்றையொன்று பார்த்திராத இரு மொழிகள் இப்படிச் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும்போது, இந்த நெடில்கள் பின்னால் முளைத்தவை என்று வாதிட இடமில்லாமல் போகிறது.

துருக்கி மொழி நெடிலை இழந்தபோது அதன் தடயம் மட்டும் இறுதி மெய்யில் தங்கியது. அங்கே குதிரைக்கும் பெயருக்கும் உயிர் ஒன்றே. குதிரையின் இறுதித் தகரம் குரல் அதிராதது, பெயரின் இறுதித் தகரம் குரல் அதிர்வது. துருக்மெனிலோ இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. 'அவனுடைய குதிரை' என்று சொல்ல ஓர் உயிரொலியை இறுதியில் சேர்க்க வேண்டும். அது நம் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கிய, உதடு குவியாத ஒலி. சேர்த்தால் குதிரை 'அத்து' ஆகிறது. பெயர் 'ஆது' ஆகிறது. முன்னதில் தகரம் வன்மையாகவே நிற்கிறது. பின்னதில், நெடிலுக்கு அடுத்து வருவதால், தமிழில் 'அது' என்னும்போது ஒலிப்பதுபோல மெலிந்துவிடுகிறது. இவ்வளவு நுணுக்கமான வேறுபாடு துருக்மெனின் இன்றைய லத்தீன் எழுத்தில் பெரும்பாலும் பதிவாவதே இல்லை. 'குதிரை', 'பெயர்' என்ற இரு சொற்களும் ஒரே எழுத்துக்கூட்டலில்தான் அச்சாகின்றன. இதழ் குவிந்த முன்னுயிர் ஒன்றின் நெடிலை மட்டும் யகரம் சேர்த்துக் காட்டுகிறார்கள். மற்றவற்றைப் படிப்பவர் அறிந்துகொள்ள வேண்டியதுதான். குறிலையும் நெடிலையும் தனித்தனியே எழுதிப் பழகிய தமிழருக்கு இது வியப்பாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் எழுத்து துருக்மெனுக்கு அதன் சொந்த எழுத்தைவிடப் பொருத்தமானது என்றுகூடச் சொல்வேன்.

எழுத்தில் தெரியாத மற்றொன்று ஸகர ஒலிகள். துருக்மெனில் ஸகரமாகவும் அதன் குரல் அதிரும் இணையாகவும் எழுதப்படுபவை, பெரும்பாலோர் வாயில் அப்படி வருவதில்லை. நாக்கு நுனி பற்களின் நடுவே வந்து, காற்று உரசிக்கொண்டு வெளியேறுகிறது. அரபி எழுத்துகளில் 'ஸா' என்றும் 'தால்' என்றும் பெயர் பெற்ற அந்த இரண்டும் அரேபியர் வாயில் ஒலிக்கும் முறை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. துருக்கிய மொழிகளில் இப்படிப் பல்லிடை ஒலிகள் உள்ளது அரிது; வோல்கா, யூரல் பக்கத்துப் பாஷ்கீர் மொழியில் உண்டு. ஒரு துருக்மெனியர் மற்றத் துருக்கிய மொழியினரிடையே பேசத் தொடங்கியதும் அடையாளம் தெரிந்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான். செய்தி வாசிப்பவர் முதல் ஆடு மேய்ப்பவர் வரை இப்படித்தான் பேசுகிறார்கள். இது கொச்சையாகக் கருதப்படுவதில்லை, செம்மையான உச்சரிப்பே இதுதான்.

இலக்கண அமைப்பு தமிழருக்கு அந்நியமாகத் தோன்றாது. வினை இறுதியில் வரும்; பெயரடை முன்னால் வரும்; வேற்றுமை உருபுகள் பின்னொட்டுகளாகச் சேரும். 'கிதாப்லருமுஸ்தன்' என்ற ஒரே சொல்லில் நூல், பன்மை, 'எங்கள்', 'இருந்து' என்ற நான்கும் வரிசையாக நிற்கின்றன. 'எங்கள்' என்பதையும் ஒட்டாக்கிச் சொல்லுக்குள் வைப்பதுதான் தமிழிலிருந்து வேறுபடும் இடம். ஒட்டுகளின் உயிர்கள் பகுதியின் உயிருக்கு இசைந்து மாறும்: குதிரைகள் 'அத்லர்', நாய்கள் 'இத்லெர்'. பகுதியில் இதழ் குவிந்த உயிர் வந்தால் பேச்சில் ஒட்டிலும் இதழ் குவிவதுண்டு. எழுத்தில் இதை முழுமையாகக் காட்டுவதில்லை.

வினையில் இரண்டு இடங்களில் துருக்மென் தன் உறவினரிடமிருந்து தெளிவாக விலகி நிற்கிறது. ஒன்று நிகழ்கால எதிர்மறை. 'எனக்குத் தெரியாது' என்பதற்குத் துருக்மெனியர் 'பிலெமோக்' என்பார்கள். வினையிலிருந்து வரும் பெயரோடு 'இல்லை' என்னும் 'யோக்' சேர்ந்து, காலப்போக்கில் நெருங்கி ஒரே சொல்லாகிவிட்ட வடிவம் இது. 'நான்', 'நீ', 'அவன்' என்பதற்கேற்ப நடுவில் உள்ள மெல்லின ஒலி மட்டும் மாறும்: 'கெலெமோக்' நான் வருவதில்லை, 'கெலெங்ஓக்' நீ வருவதில்லை, 'கெலெனோக்' அவன் வருவதில்லை. மற்றொன்று உறுதியான எதிர்காலம். 'மென் கெல்ஜெக்', 'சென் கெல்ஜெக்', 'ஒல் கெல்ஜெக்': நான் வருவேன், நீ வருவாய், அவன் வருவான். ஆளைக் காட்டும் விகுதியே கிடையாது. துருக்கியிலோ அசர்பைஜானியிலோ இது முடியாது; அங்கே எதிர்காலத்திலும் விகுதி கட்டாயம்.

கிளைமொழிகளுக்கு வருகிறேன். வேறு பல மொழிகளில் ஒரு வரைபடத்தை விரித்து, வடக்கே இப்படி, தெற்கே இப்படி என்று கோடு கிழித்துவிடலாம். துருக்மெனில் அந்தக் கோடுகள் ஒட்டுவதில்லை. நாட்டின் பெரும்பகுதி கரகும் பாலைவனம். மக்கள் அதன் விளிம்புகளில் உள்ள சோலைகளிலும் ஆற்றோரங்களிலும்தான் வாழ்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு வரை இந்தச் சோலைகள் குலங்களிடையே கைமாறிக்கொண்டே இருந்தன. ஒரு குலம் இடம்பெயர்ந்தால் அதன் பேச்சும் உடன் சென்றது. யோமுத் குலத்தாரில் ஒரு பகுதியினர் காஸ்பியன் கரையிலும் ஈரானின் குர்கான் சமவெளியிலும் இருக்கிறார்கள். மற்றொரு பகுதியினர் பாலைவனத்தைத் தாண்டி வடக்கே தாஷோகுஸ் பகுதியில், பழைய கீவா கான்களின் எல்லையில் வாழ்கிறார்கள். நடுவில் இருப்பது ஆளில்லாத மணல். ஆயினும் இரு பக்கத்துப் பேச்சும் யோமுத் என்றே இனம்காணப்படுகிறது. அதேபோல் 1850களில் தெக்கேக்கள் மேர்வ் சோலையைக் கைப்பற்றியபோது அங்கிருந்த சாரிக்குகள் முர்காப் ஆற்றோடு தெற்கே, யோலோத்தேன் பக்கம் தள்ளப்பட்டார்கள். ஆகவே மேர்வ் நகரின் பேச்சு என்று இன்று நாம் கேட்பது, 200 ஆண்டுகளுக்கு முன் அங்கே கேட்டிருக்கக்கூடிய பேச்சின் தொடர்ச்சி அன்று.

பெரிய வழக்குகள் தெக்கே, யோமுத், எர்சாரி, சாரிக், சாலிர், கோக்லெங், சவுதுர் ஆகியவை. தெக்கேக்களுக்கு அஹால், மேர்வ் என இரண்டு இருப்பிடங்கள். உலகப் புகழ்பெற்ற அஹால்தெக்கே குதிரையின் பெயர் அந்த நிலத்தையும் குலத்தையும் சேர்த்து உண்டானது. எர்சாரிகள் அமு தாரியா ஆற்றின் கரையில் லெபாப் பகுதியிலும், எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானிலும் பரவியிருக்கிறார்கள். உஸ்பெக்கியரோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்ததன் சாயல் அவர்கள் பேச்சில் உண்டு. கோக்லெங்குகள் கோபெத்தாக் மலையின் மேற்கிலும் ஈரானிலும் இருக்கிறார்கள். சவுதுர்கள் வடக்கே. துருக்மெனிஸ்தானின் தேசியக் கொடியில் வரிசையாக நிற்கும் ஐந்து கம்பளச் சின்னங்கள் இந்தக் குலங்களில் ஐந்துக்கு உரியவை என்பதைக் கண்டால், இந்தப் பாகுபாடு மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமானது என்பது விளங்கும்.

இவற்றைத் தவிர மலையோரங்களிலும் ஆற்றோரங்களிலும் சிறு சிறு வழக்குகள் பல உள்ளன. கோபெத்தாக் மலையில் உள்ள நோஹுர் ஊராரின் பேச்சு, அஷ்கபாத்துக்கு அருகே உள்ள ஆனவ் பேச்சு, ஹசார் பேச்சு, அமு தாரியாக் கரையின் நெரேசிம் பேச்சு ஆகியவை இவற்றுள் சில. ஆய்வாளர்கள் வகுக்கும் பெரும் பிரிவு இங்கேதான் விழுகிறது: மேலே சொன்ன பெருங்குலங்களின் வழக்குகளில் ஸகரம் பல்லிடை ஒலியாக வருகிறது; ஈரான், உஸ்பெகிஸ்தான் எல்லைகளை ஒட்டிய இந்தச் சிறு வழக்குகளில் அது சாதாரண ஸகரமாகவே இருக்கிறது. மேய்ச்சல் வாழ்வுக்கு மாறாக நீண்டகாலம் ஓரிடத்தில் குடியிருந்து, பாரசீகம் பேசுவோரோடு கலந்த மக்களிடம் இந்த வேறுபாடு காணப்படுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆர்வமுள்ளவர்கள் தெக்கே, யோமுத் வேறுபாடுகளைவிட நோஹுர் பேச்சைக் கவனித்தால் அதிகம் கற்றுக்கொள்ளலாம் என்பேன்.

பெரிய வழக்குகளுக்கு இடையே தூரம் அதிகமில்லை. ஒரு தெக்கேயும் ஒரு எர்சாரியும் சந்தித்தால் சிரிப்பார்கள், கேலி செய்வார்கள், ஆனால் புரியாமல் நிற்கமாட்டார்கள். வேறுபாடு மிகுதியாகத் தெரிவது நிகழ்கால விகுதியில். எழுத்துமொழியில் 'போகிறேன்' என்பது 'பர்யாருன்'. பேச்சில் பலர் அதைச் சுருக்கி 'பர்யான்' என்பார்கள். குலத்துக்குக் குலம் இந்த விகுதியின் உயிரும் இறுதி ரகரமும் மாறும். அடுத்து, உறவுப்பெயர்கள், வீட்டுப் பொருள்கள், கால்நடை ஆகியவற்றின் சொற்கள். ஒட்டகத்தை வயதும் இனமும் பாலும் பார்த்துத் தனித்தனிப் பெயரிட்டு அழைக்கும் மக்கள் இவர்கள்: குட்டி 'கோஷெக்', ஒற்றைத் திமில் பெண் ஒட்டகம் 'அர்வானா', கலப்பின ஆண் 'இனெர்'.

இன்றைய எழுத்துமொழி 1924 அக்டோபர் 27இல் துருக்மென் சோவியத் குடியரசு அமைந்த பின் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. தெக்கே, யோமுத் வழக்குகள் அதற்கு அடித்தளம் ஆயின. தலைநகர் தெக்கே நிலத்தில் இருந்ததால் தெக்கேயின் கை ஓங்கியது இயல்பே. அதற்கு முன் எழுதியவர்கள் மத்திய ஆசியாவின் பொது இலக்கிய மொழியான சகதாயில் எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டில், அந்த ஏட்டு மொழியை மக்கள் பேச்சின் பக்கம் இழுத்துவந்தவர் மக்தும்குலி பிராகி. துருக்மெனியர் தங்கள் தேசியக் கவியாகப் போற்றும் அவர் கோக்லெங் குலத்தவர். அவர் கல்லறை ஈரானின் குலிஸ்தான் மாகாணத்தில் உள்ளது. 2024இல் அவர் பிறந்ததன் 300ஆம் ஆண்டு நிறைவை அஷ்கபாத் பெரும் விழாவாகக் கொண்டாடியது. தெக்கேயை மையமாகக் கொண்ட நாடு கோக்லெங் கவிஞரைத் தலைமேல் வைத்துக்கொண்டாடுவதில், குலவேற்றுமைகளைக் கடந்த ஒரு பொதுமொழி பற்றிய கனவும் அடங்கியிருக்கிறது.

எழுத்து மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920களின் இறுதி வரை அரபி எழுத்து, பின் லத்தீன், 1940இல் சிரிலிக், விடுதலைக்குப் பின் 1993இல் மீண்டும் லத்தீன். அந்த 1993ஆம் ஆண்டு நெடுங்கணக்கில் சில ஒலிகளுக்கு டாலர், பவுண்டு, யென் குறிகளையே எழுத்துகளாக வைத்திருந்தார்கள் என்பது பலருக்கும் நம்ப முடியாத செய்தி. தட்டச்சுப் பலகையில் ஏற்கெனவே இருப்பவை என்ற வசதி கருதிச் செய்தது. சில ஆண்டுகளிலேயே அவற்றை நீக்கி, துருக்கி, கிழக்கு ஐரோப்பிய மொழிகளில் உள்ளவை போன்ற குறியிட்ட எழுத்துகளை ஏற்றார்கள். இன்றைய நெடுங்கணக்கில் 30 எழுத்துகள். முதல் அதிபர் நியாசோவ் 2002இல் மாதப் பெயர்களையே மாற்றி, ஜனவரிக்குத் தன் பட்டப்பெயரையும் ஏப்ரலுக்குத் தன் தாயின் பெயரையும் இட்டார். 2008இல் பழைய பெயர்கள் திரும்பின. அந்த இடைப்பட்ட ஆண்டுகளின் செய்தித்தாள்களைப் படிப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எல்லைக்கு வெளியே நிலைமை வேறு. ஈரானில் கும்பத்-இ காவூஸ் நகரைச் சுற்றி வாழும் யோமுத்துகளும் கோக்லெங்குகளும் பள்ளியில் பாரசீகமே படிக்கிறார்கள். தாய்மொழியை எழுதுவதானால் அரபி எழுத்தில் எழுதுகிறார்கள். ஆப்கானிஸ்தானின் 2004ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பெரும்பான்மையோர் துருக்மென் பேசும் பகுதிகளில் அதை மூன்றாம் ஆட்சிமொழியாக ஏற்றது. ஸ்தாவ்ரபோலில் இருப்பவர்கள் காஸ்பியனின் கிழக்குக் கரையான மங்கிஷ்லாக்கிலிருந்து 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பெயர்ந்த சவுதுர், இக்திர் போன்ற குலத்தவர். நோகாய், ரஷ்ய மொழிகளின் தாக்கம் அவர்கள் பேச்சில் ஏறியுள்ளது. ஈரானின் கொராசானில் பேசப்படும் கொராசான் துருக்கியைத் துருக்மெனின் கிளைமொழி என்று சிலர் சேர்த்துவிடுகிறார்கள்; அது அசர்பைஜானிக்கும் துருக்மெனுக்கும் நடுவே நிற்கும் தனி மொழி என்று கொள்வதே சரி.

கற்க விரும்புபவருக்கு என் பரிந்துரை: அஷ்கபாத்தின் எழுத்துமொழியில் தொடங்குங்கள், வேறு வழியும் இல்லை, பாடநூல்களும் அகராதிகளும் அதில்தான் கிடைக்கின்றன. ஆனால் உச்சரிப்பைத் தனியே அடைப்புக்குறிக்குள் தரும் அகராதியையே வாங்குங்கள். ஒவ்வொரு புதுச் சொல்லையும் அதன் நெடிலோடு சேர்த்துத் தமிழ் எழுத்தில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். துருக்கி முன்பே தெரிந்தவர்கள் வேகமாக முன்னேறுவார்கள், எனினும் அவர்கள்தான் நெடிலை அதிகம் தவறவிடுபவர்கள். ஈரான் பக்கத்து மக்களோடு பழக வேண்டியிருந்தால் அரபி எழுத்தையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். வானொலிச் செய்தியையும் ஊர்ப் பாடகர்களான பக்ஷிகளின் பாட்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். செய்தியில் எழுத்துமொழியின் முழு விகுதிகள் கிடைக்கும், பாட்டில் பாடுபவரின் குலம் காதில் விழும்.